பிடிலோடு வந்த ருஷ்யரும் சிறையில் மாண்ட தமிழறிஞரும்

(படிப்பு வட்டக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



கீழ்த்திசை நாடுகளின் பாஷைகளையும் மதங்களையும் கலைகளையும் ஆராய்ந்த மேல்நாட்டு அறிஞர்களின் வாழ்க்கையைப் பற்றிப் பேசவேண்டுமென்று கேட்டிருக்கிறீர்கள். விஷயம் கடல் போன்றது. ஒரு மாலைப் பொழுதில் கரையைத்தான் தொட்டுக் காட்ட முடியும். எனவே ஒரே ஒரு தேசத்திலிருந்து வந்தவர்களை எடுத்துக்கொண்டு பேசுவோம். அந்தத் தேசம் ருஷ்யா. ஏன் ருஷ்யா என்பது பேச்சின் முடிவில் விளங்கும்.

இந்த அறிஞர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. ஒன்று, பூஜை செய்யும் அபிப்பிராயம். "வெள்ளைக்காரனே நம்முடைய நூலைப் புகழ்ந்துவிட்டான், இனி என்ன வேண்டும்?" என்று பூரித்துப் போகிறவர்கள் இன்றும் மேடைதோறும் இருக்கிறார்கள். இன்னொன்று, "அவர்கள் அத்தனை பேரும் ஏகாதிபத்தியத்தின் ஒற்றர்கள், அவர்கள் எழுதியதெல்லாம் குப்பை" என்று ஒரே வீச்சில் தள்ளிவிடும் அபிப்பிராயம். முதலாவது அடிமைப் புத்தி. இரண்டாவது சோம்பேறிப் புத்தி. படித்துப் பார்க்கும் சிரமத்தைத் தவிர்த்துக் கொள்வதற்கு இரண்டுமே சௌகரியமான வழிகள்.

நாம் இரண்டையும் ஒதுக்கி வைப்போம். ஒவ்வொரு அறிஞரின் வாழ்க்கையையும் எடுத்து நான்கு கேள்விகள் கேட்போம். அவருக்குச் சம்பளம் கொடுத்தது யார்? அவருக்குப் பாஷை சொல்லிக் கொடுத்தது யார்? அவர் யாருக்காக எழுதினார்? கடைசியில் அவருக்கு என்ன நேர்ந்தது?

இந்த நான்கு கேள்விகளையும் நமக்கு வேண்டாதவர்களிடம் மட்டும் கேட்டால் போதாது. நமக்கு வேண்டியவர்களிடமும் கேட்க வேண்டும். அதுதான் நேர்மை.

கச்சேரியில் பிறந்த படிப்பு

முதலில் கும்பினிக்காரர்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம்.

சர் வில்லியம் ஜோன்ஸ் 1783-இல் கல்கத்தா வந்தார். சுப்ரீம் கோர்ட்டு நீதிபதி. அடுத்த ஆண்டே, அதாவது 1784-இல், ஆசியச் சங்கத்தை நிறுவினார். சமஸ்கிருதமும் கிரேக்கமும் லத்தீனும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்திருக்க வேண்டும் என்று 1786-இல் அவர் கூறியது மொழி ஆராய்ச்சியில் பெரிய திருப்பம். அதை மறுக்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. ஆனால் அவர் சமஸ்கிருதம் படிக்கப் புறப்பட்டது எதற்காக? நீதிமன்றத்தில் பண்டிதர்கள் சொல்லும் சாஸ்திர விளக்கத்தை அவர் நம்பவில்லை. அவர்களுடைய தயவில்லாமல் தாமே சட்டத்தைப் படித்துத் தீர்ப்பளிக்க விரும்பினார். இதன் விளைவாகத்தான் மனு தர்மத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1794-இல் வெளிவந்தது. சமஸ்கிருதப் படிப்பு கோயிலிலிருந்தோ குருகுலத்திலிருந்தோ ஐரோப்பாவுக்குப் போகவில்லை, கச்சேரியிலிருந்து போயிற்று.

அவருக்குச் சமஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர் யார் தெரியுமா? பிராமணப் பண்டிதர்கள் மறுத்துவிட்ட பிறகு, ராம்லோசன் என்ற வைத்திய ஜாதியைச் சேர்ந்த பண்டிதர் சொல்லிக் கொடுத்தார். ஜோன்ஸின் பெயரை உலகம் அறியும். ராம்லோசனின் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்? இன்னொன்றையும் கவனியுங்கள். ஆசியாவைப் பற்றி ஆராய்வதற்கென்றே கல்கத்தாவில் ஏற்பட்ட அந்தச் சங்கத்தில், 1829 வரை ஒரு இந்தியர் கூட அங்கத்தினராகச் சேர்க்கப்படவில்லை. நாற்பத்தைந்து ஆண்டுகள்! வீட்டுக்காரனைத் திண்ணையில் நிறுத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து வீட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்தார்கள்.

நம் சென்னையிலும் இதே கதைதான். சென்னைக் கலெக்டராக இருந்த எல்லீஸ், கும்பினியின் இளம் அதிகாரிகளுக்குத் தமிழும் தெலுங்கும் கற்பிக்க 1812-இல் கோட்டைக் கல்லூரியைத் தொடங்கினார். தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தனிக் குடும்பம் என்பதற்கான சான்றை 1816-இல் அச்சிட்டார். கால்டுவெல் தமது ஒப்பிலக்கண நூலை வெளியிட்டது 1856-இல்தான். எல்லீஸ் தமிழை நேசித்தவர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவருடைய கல்லூரியில் பயின்றவர்கள் தமிழ் படித்தது குறளை அனுபவிப்பதற்காகவா? கிஸ்தி வசூலிப்பதற்கும் மனு விசாரிப்பதற்கும்தான். எல்லீஸுக்குத் துணை நின்ற பட்டாபிராம சாஸ்திரி, சங்கரய்யா போன்றவர்களின் பெயர்கள் சமீப காலத்தில்தான் ஆராய்ச்சியாளர்களால் தூசி தட்டி எடுக்கப்பட்டிருக்கின்றன.

சென்னையில் இறங்கிய பிடில்காரர்

இப்போது நம்முடைய கதாநாயகரிடம் வருவோம்.

எல்லீஸ் கல்லூரி தொடங்குவதற்கு இருபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பு, 1785-ஆம் ஆண்டில், இங்கிலாந்திலிருந்து வந்த கப்பலொன்றிலிருந்து சென்னையில் ஒரு ருஷ்யர் இறங்கினார். பெயர் கெராசிம் லெபெதேவ். அவர் நீதிபதியல்ல, கலெக்டரல்ல, பாதிரியுமல்ல. பிடில் வாசிப்பவர். வோல்கா நதிக் கரையிலுள்ள யாரோஸ்லாவ்ல் நகரில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். தகப்பனார் மாதா கோவில் ஊழியர். பெரிய பள்ளிப் படிப்பு கிடையாது. இசையைச் சொந்த முயற்சியால் கற்றுக்கொண்டு, ருஷ்யத் தூதர் ஒருவருடைய பரிவாரத்தோடு 1777-இல் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டு, பிறகு அந்தக் கூட்டத்தை விட்டுப் பிரிந்து, பல நகரங்களில் வாசித்துப் பிழைத்து, இறுதியில் இங்கிலாந்து வழியாக நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார்.

கோட்டையில் அதிகாரியாக இருந்த கேப்டன் சிடன்ஹாம் என்பவர் அவருக்கு ஆதரவளித்தார். சென்னையில் இரண்டு ஆண்டுகள் கச்சேரி செய்து ஜீவித்தார். வெள்ளைக்காரர்களின் விருந்துகளில் வாசிப்பதோடு திருப்தியடைந்திருந்தால் அவரைப் பற்றி நாம் இன்று பேச வேண்டிய தேவையே இராது. ஆனால் அவர் ஜனங்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டார். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் "மலபார் பாஷை" என்று அழைத்த நம்முடைய தமிழை அவர் கற்கத் தொடங்கினார். இந்திய மொழியொன்றை இந்திய மண்ணிலேயே இருந்து கற்ற முதல் ருஷ்யர்களில் அவர் முதன்மையானவர். அவர் தொட்ட முதல் இந்திய மொழி தமிழ் என்பதில் நமக்கொரு மகிழ்ச்சி.

சமஸ்கிருதமும் கற்க ஆசைப்பட்டார். சென்னையில் சொல்லிக் கொடுக்க ஆள் கிடைக்கவில்லை. எனவே 1787-இல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

கோலக்நாத் தாஸ் என்ற வாத்தியார்

கல்கத்தாவிலும் சில ஆண்டுகள் தேடினார். கடைசியில் கோலக்நாத் தாஸ் என்ற பள்ளிக்கூட உபாத்தியாயர் கிடைத்தார். அவர் லெபெதேவுக்கு வங்காளியும் ஹிந்துஸ்தானியும் சமஸ்கிருதமும் கற்பித்தார். பதிலுக்கு லெபெதேவ் அவருக்கு மேல்நாட்டுச் சங்கீதம் கற்பித்தார்.

தோழர்களே, இந்த ஏற்பாட்டைச் சற்று நிதானித்துப் பாருங்கள். அந்த நாளில் துரைமார்கள் முன்ஷி வைத்துக்கொள்வார்கள். முன்ஷிக்கு மாதச் சம்பளம் உண்டு, மரியாதை கிடையாது. துரை நாற்காலியில் அமர்ந்திருக்க, முன்ஷி கைகட்டி நின்று பாடம் சொல்ல வேண்டும். லெபெதேவ் வீட்டில் நடந்தது வேறு. இவர் அவருக்குக் குரு; அவர் இவருக்குக் குரு. ஒரு பக்கம் அட்சரம், மறு பக்கம் ஸ்வரம். அறிவைக் கொடுத்து அறிவை வாங்கும் சமமான பரிமாற்றம். நம்முடைய இரண்டாவது கேள்விக்கு, அதாவது கற்பித்தவர் யார் என்ற கேள்விக்கு, லெபெதேவே தம் நூலின் முன்னுரையில் பெயர் சொல்லிப் பதில் எழுதிவிட்டார். கோலக்நாத் தாஸின் பெயர் இருநூறு ஆண்டுகளைத் தாண்டி நம் கைக்கு வந்து சேர்ந்தது அதனால்தான்.

லெபெதேவ் ஆங்கில நாடகமொன்றை வங்காளியில் மொழிபெயர்த்தார். "மாறுவேஷம்" என்று பொருள்படும் பெயருடைய நகைச்சுவை நாடகம் அது. கதை நடக்கும் இடத்தை ஐரோப்பாவிலிருந்து எடுத்துக் கல்கத்தாவிலும் லக்னோவிலும் வைத்தார். வறட்டு உபதேசத்தைவிட விகடத்தையும் நையாண்டியையும்தான் இந்நாட்டு ஜனங்கள் ரசிக்கிறார்கள் என்று கண்டு அதற்கேற்பத் திருத்தினார். பண்டிதர்களை அழைத்து மொழிபெயர்ப்பைக் கொடுத்து, எந்த வாக்கியத்தில் அவர்கள் முகம் மலர்கிறது, எந்த இடத்தில் உள்ளம் அசைகிறது என்று கவனித்துக் குறித்துக் கொண்டார். நாடகம் எழுதும் நம் தோழர்கள் இதைப் பின்பற்றலாம்.

அப்போது கோலக்நாத் தாஸ் ஒரு யோசனை சொன்னார். "இந்த நாடகத்தை மேடையேற்றத் தயாரானால், நடிக்க ஆண்களையும் பெண்களையும் நான் கொண்டு வருகிறேன்" என்ற கருத்தில் அவர் பேசியதை லெபெதேவ் பதிவு செய்திருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் நாடகக் கம்பெனிக்கு ஆள் சேர்க்கிறார்! அதுவும் பெண்களை! பெண் வேஷத்துக்கு ஆண் பிள்ளைகளையே தேடிய காலம் நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் இந்நாட்டில் நீடித்தது என்பதை நினைவில் வையுங்கள்.

லெபெதேவ் கவர்னர் ஜெனரலிடம் அனுமதி பெற்று, டோம்தலா என்ற தெருவில் கொட்டகை கட்டினார். இன்று அது எஸ்ரா தெரு. 1795 நவம்பர் 27-ஆம் நாள் வங்காளி நடிகர்களும் நடிகைகளும் வங்காளி பாஷையில் மேல்நாட்டு முறை மேடையில் முதன்முதலாக நடித்தார்கள். வங்கக் கவி பாரதசந்திர ராயின் பாடல்களுக்கு இசையமைத்துப் பாடினார்கள். கொட்டகை நிறைந்தது. 1796 மார்ச் 21-ஆம் நாள் மறுபடியும் நடித்தார்கள், மறுபடியும் நிறைந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். டிக்கட் எட்டு ரூபாயும் நாலு ரூபாயும். அந்தக் காலத்து எட்டு ரூபாய் கூலிக்காரனுக்கு எட்டாத தொகை. எனவே இதை ஏழை எளிய ஜனங்களின் நாடகம் என்று அலங்கரித்துச் சொல்ல நாம் தயாரில்லை. ஆனாலும் ஆளப்படுகிறவர்களின் பாஷை மேடைக்குத் தகுந்த பாஷைதான் என்பதை ஆளுகிறவர்களின் தலைநகரிலேயே அது நிரூபித்துக் காட்டியது.

அதைத்தான் அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. கல்கத்தாவில் ஆங்கிலேயர்களுக்கென்று ஏற்கெனவே நாடகக் கொட்டகை உண்டு. போட்டி முளைத்ததும் தொல்லைகள் ஆரம்பமாயின. கூட இருந்தவர்களே கழுத்தறுத்தார்கள். கடன், வழக்கு, அவமானம். பத்து வருஷ உழைப்பில் சேர்த்ததெல்லாம் கரைந்து, 1797-இல் ஏறத்தாழ வெறுங்கையோடு அவர் இந்தியாவை விட்டுக் கப்பலேறினார்.

1801-இல் லண்டனில் கிழக்கிந்திய பாஷைகளின் இலக்கணம் ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். பிறகு தாய்நாடு திரும்பி வெளிநாட்டு இலாகாவில் வேலை பார்த்தார். பீட்டர்ஸ்பர்க் நகரில் இந்திய எழுத்துக்களை வார்த்து அச்சகம் அமைத்தார். பிராமணர்களின் மத ஏற்பாடுகளையும் இந்திய ஜனங்களின் பழக்க வழக்கங்களையும் பற்றி 1805-இல் ருஷ்ய மொழியில் நூல் வெளியிட்டார். 1817-இல் காலமானார்.

அவருடைய இலக்கணத்தில் பிழைகள் நிறைய உண்டு. அறிஞர்கள் அவற்றைச் சுட்டிக் காட்டியிருக்கிறார்கள். காதால் கேட்டதை எழுதியவர் அவர். ஏட்டுப் பயிற்சி குறைவு. பாண்டித்தியத்தில் ஜோன்ஸ் மலை, லெபெதேவ் மடு. ஆனால் நம்முடைய நான்கு கேள்விகளின் தராசில் தட்டு வேறு பக்கம் சாய்கிறது. அவர் வரி வசூலிக்கப் படிக்கவில்லை. தீர்ப்புச் சொல்லப் படிக்கவில்லை. ஜனங்களைச் சிரிக்கவும் பாடவும் வைப்பதற்காகப் படித்தார்.

தர்க்க நூலைத் தேடிய பேராசிரியர்

லெபெதேவ் விதைத்தது உடனே முளைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்குப் பின்னர்தான் ருஷ்யாவில் இந்திய ஆராய்ச்சி வேர்விட்டது. அதற்கு ஆணிவேராக நின்றவர் இவான் மினாயெவ். பாலி மொழிக்கு 1872-இல் இலக்கணம் எழுதியவர். மூன்று தடவை நம் பக்கம் பிரயாணம் செய்தவர். குமாவுன் மலைப் பிரதேசத்துச் சாதாரண ஜனங்களிடம் நாட்டுக் கதைகளைக் கேட்டு எழுதி 1876-இல் வெளியிட்டார். ராஜாக்களின் சாசனங்களை மட்டுமே தேடி அலைந்த காலத்தில், மலைக் கிராமத்துக் கிழவி சொல்லும் கதையும் சரித்திரத்துக்குச் சாட்சி என்று கருதியவர் அவர்.

அவருடைய மாணவர்களில் இருவர் புகழ் பெற்றவர்கள். ஒருவர் செர்கேய் ஓல்டன்பர்க். பௌத்த நூல் வரிசையொன்றை 1897-இல் தொடங்கியவர். மற்றவர் பியோதர் ஷெர்பாத்ஸ்கி.

ஷெர்பாத்ஸ்கி 1910-இலும் 1911-இலும் இந்தியாவில் தங்கி, பண்டிதர்களோடு அமர்ந்து, சமஸ்கிருதத்திலேயே பேசி, சாஸ்திரம் பயின்றார். இந்தியா என்றால் யோகமும் மாயமும் கனவும்தான் என்று ஐரோப்பா நம்பிக்கொண்டிருந்த காலம் அது. "இல்லை, இந்த நாடு கறாரான தர்க்க சாஸ்திரத்தையும் பெற்றெடுத்திருக்கிறது" என்று காட்டுவதற்கு அவர் தம் வாழ்நாளைச் செலவிட்டார். திக்நாகர், தர்மகீர்த்தி ஆகிய பௌத்தத் தர்க்க ஆசிரியர்களின் நூல்கள் பல, மூல மொழியில் அழிந்து திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் பிழைத்திருந்தன. அவற்றைத் தேடியெடுத்துப் படித்து "பௌத்தத் தர்க்கம்" என்ற பெரும் நூலை 1930-லிருந்து 1932-க்குள் இரண்டு பாகங்களாக லெனின்கிராட் நகரில் வெளியிட்டார்.

இதில் நமக்கும் உறவுண்டு. திக்நாகர் காஞ்சிப் பக்கத்தைச் சேர்ந்தவர் என்பது திபெத்திய மரபு. நம் மணிமேகலையின் இருபத்தொன்பதாவது காதையில், காஞ்சி நகரில் அறவண அடிகள் மணிமேகலைக்குத் தர்க்கப் பாடம் சொல்வதைப் படித்திருப்பீர்கள். அந்தப் பாடத்தின் உறவினர்களைத்தான் நேவா நதிக்கரையில் உட்கார்ந்து ஷெர்பாத்ஸ்கி தேடிக்கொண்டிருந்தார். ராகுல் சாங்கிருத்யாயன் திபெத்து மடங்களில் தேடிக் கண்டெடுத்த ஓலைச் சுவடிகளில் தர்மகீர்த்தியின் நூலும் ஒன்று. அவர் 1937-ஆம் ஆண்டின் இறுதியில் லெனின்கிராட் சென்றது இந்த ஆராய்ச்சித் தொடர்பினால்தான்.

தமிழுக்கு இலக்கணம் எழுதிய தம்பதிகள்

இனி, இந்தப் பேச்சின் மையத்துக்கு வருகிறோம்.

பீட்டர்ஸ்பர்க் மானுடவியல் காட்சிசாலையில் அலெக்சாந்தர் மெர்வார்த் என்பவர் வேலை பார்த்தார். ஜெர்மனியில் பிறந்து ருஷ்யாவைத் தம் நாடாக்கிக் கொண்டவர். அவருடைய மனைவி லுத்மிலாவும் ஆராய்ச்சியாளர். காட்சிசாலைக்கு இந்தியப் பொருள்களைச் சேகரித்து வருவதற்காக இருவரும் 1914-இல் புறப்பட்டு இலங்கை சேர்ந்தார்கள். உலக யுத்தம் மூண்டது. அவர்கள் திரும்பிப் போகவில்லை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் ஜனங்களிடையே தங்கினார்கள், பாஷைகளைக் கற்றார்கள், கேரளத்தின் கதகளியைக் கண்டு குறிப்பெழுதினார்கள். கல்கத்தா மியூசியத்தின் இசைக் கருவிகளுக்கு மெர்வார்த் எழுதிய விளக்க நூல் 1917-இல் வெளிவந்தது.

அந்த ஆண்டுதான் ருஷ்யாவில் புரட்சி. 1918-இல் புறப்பட்டவர்கள் உள்நாட்டு யுத்தத்தால் தூரக் கிழக்கில் மாட்டிக்கொண்டு, சில ஆண்டுகள் கழித்தே ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் கொண்டு சேர்த்த பொருள்கள் அந்தக் காட்சிசாலையின் செல்வமாக இன்றும் இருக்கின்றன. மெர்வார்த் லெனின்கிராடில் மாணவர்களுக்குத் தமிழ் கற்பித்தார். 1929-இல் ருஷ்ய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். அதன் விசேஷம் என்ன? அது பேச்சுத் தமிழின் இலக்கணம்! நம் பண்டிதர்கள் பலர் பேச்சுத் தமிழைக் கொச்சை என்று ஒதுக்கி வைத்திருந்த காலத்தில், தெருவிலும் வயலிலும் ஒலிக்கும் தமிழுக்கு விதிகள் உண்டு, அதுவும் படிப்புக்குரியது என்று லெனின்கிராடிலிருந்து ஒருவர் எழுதினார்.

இத்தோடு நிறுத்திக்கொண்டால் கைதட்டிவிட்டுக் கலைந்து போகலாம். ஆனால் நான்காவது கேள்வி பாக்கியிருக்கிறது. கடைசியில் அவருக்கு என்ன நேர்ந்தது?

1930-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இலக்கணம் வெளிவந்த மறு ஆண்டில், அவரைக் கைது செய்தார்கள். விஞ்ஞானக் கழகத்து அறிஞர்கள் மீது ஜோடிக்கப்பட்ட பெரிய வழக்கு அது. லுத்மிலாவும் கைதானார். மெர்வார்த் 1932-இல் வடக்கே ஒரு கைதி முகாமில் மாண்டார். ருஷ்ய மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் இப்படித்தான் முடிந்தார். லுத்மிலா தண்டனையை அனுபவித்து மீண்டு, 1965 வரை உயிர் வாழ்ந்தார்.

அவர் ஒருவர் மட்டுமல்ல. ஷெர்பாத்ஸ்கியின் மாணவர் வோஸ்த்ரிகோவ், திபெத்திய மொழியில் மேதை. 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். தாகூரை வங்காளியிலிருந்து நேராக ருஷ்ய மொழிக்குக் கொண்டுவந்த துபியான்ஸ்கி, அதே 1937-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். லெபெதேவ் தொடங்கிய வங்காளிப் படிப்பை வளர்த்தவருக்கு இந்த முடிவு! ஜப்பானிய மொழியிலும் மறைந்துபோன தாங்குத் மொழியிலும் வல்லவரான நெவ்ஸ்கியும் அவருடைய ஜப்பானிய மனைவியும் அதே ஆண்டு, ஒரே நாளில் கொல்லப்பட்டார்கள். பௌத்த நூல் வரிசை நின்று போயிற்று. மாணவர்களை இழந்த கிழவர் ஷெர்பாத்ஸ்கி, யுத்தத்தின்போது கஜகஸ்தானுக்கு அனுப்பப்பட்டு, அங்கே 1942-இல் கண் மூடினார்.

இவர்கள் செய்த குற்றம் என்ன? அயல் பாஷை தெரிந்திருந்தது. அயல் நாட்டு நண்பர்களிடமிருந்து கடிதம் வந்தது. ஜோன்ஸுக்கும் எல்லீஸுக்கும் பாஷை தெரிந்திருந்ததற்காகக் கும்பினி பதவி கொடுத்தது. இவர்களுக்குப் பாஷை தெரிந்திருந்ததற்காகத் துப்பாக்கிக் குண்டு கிடைத்தது.

நாம் பதில் சொல்ல வேண்டிய இடம்

தோழர்களே, இந்தச் செய்திகளை நாம் நெடுங்காலம் பேசாமலிருந்தோம். யாராவது பேசினால், "ஏகாதிபத்தியவாதியின் பொய்ப் பிரசாரம்" என்று வாயை அடைத்தோம். லெபெதேவைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம். மெர்வார்த்தைப் பற்றிப் பேசும்போது "1932-இல் காலமானார்" என்ற ஒரு வரியோடு நகர்ந்துவிடுவோம். எங்கே காலமானார், எப்படிக் காலமானார் என்று கேட்கமாட்டோம். ராம்லோசனின் பெயரை மறைத்த கும்பினிக்காரனைக் குற்றம் சாட்டுகிற நமக்கு, மெர்வார்த்தின் முடிவை மறைக்க என்ன யோக்கியதை இருக்கிறது?

சோஷலிசத்தின் எதிரிகள் இதை எடுத்துப் பேசுவார்களே என்று ஒரு தோழர் கவலைப்படலாம். பேசட்டும். அவர்கள் பேசுவதற்கு முன்னால் நாம் பேசியிருந்தால், அவர்கள் பேச்சுக்கு வலு ஏது? உண்மையைக் கண்டு அஞ்சுகிற இயக்கம் உழைக்கும் ஜனங்களின் இயக்கமாக இருக்க முடியாது. சந்தேகத்தின் பேரில் அறிஞனைக் கொல்லும் ஆட்சி, தன்னுடைய கண்ணைத் தானே குத்திக்கொள்கிறது. அந்தக் கண்களால் உலகத்தைப் பார்த்திருக்க வேண்டியவர்கள் அந்நாட்டு ஜனங்கள் அல்லவா?

கொன்றவர்களால் படிப்பைக் கொல்ல முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வழக்குகள் பொய் என்று பிற்காலத்தில் அந்த நாடே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. பௌத்த நூல் வரிசை 1960-இல் தம்மபதத்தின் ருஷ்ய மொழிபெயர்ப்போடு மறுபடியும் உயிர் பெற்றது. வோஸ்த்ரிகோவின் நூல் அவர் இறந்து இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், 1962-இல் அச்சேறியது. அதே ஆண்டில் நெவ்ஸ்கிக்கு, மரணத்துக்குப் பின், லெனின் பரிசு அளிக்கப்பட்டது. பரிசை வாங்க அவரில்லை.

தமிழ்ப் படிப்பும் தழைத்தது. செம்யோன் ரூதின் லெனின்கிராடில் தமிழ் கற்பித்தார். தமிழ்மேல் கொண்ட பற்றினால் செம்பியன் என்று பெயர் சூட்டிக்கொண்டார். அவரும் பியாதிகோர்ஸ்கியும் தொகுத்த தமிழ்-ருஷ்ய அகராதி 1960-இல் வெளிவந்தது. அந்திரோனோவ் தமிழுக்குப் பேரிலக்கணம் எழுதினார். துபியான்ஸ்கி என்று இன்னொருவர். முன்னே சொன்னவரின் பெயரைப் போலவே ஒலிக்கும் பெயருடையவர். மாஸ்கோ பல்கலைக் கழகத்தில் பல்லாண்டு தமிழ் கற்பித்துச் சங்க இலக்கியத்தை ஆராய்ந்து, 2020-இல் கொரோனா நோய்க்குப் பலியானார். சோவியத் நாடு 1991-இல் மறைந்த பிறகும் அவர் வகுப்பு நடத்திக்கொண்டுதான் இருந்தார். இந்த வரிசைக்கெல்லாம் முன்னே, வடக்கு முகாமில் மாண்ட மெர்வார்த்தின் பேச்சுத் தமிழ் இலக்கணம் நிற்கிறது.

முடிவாக ஒன்று. இந்த வாழ்க்கைகளிலிருந்து நாம் எதை எடுத்துக்கொள்வது?

நம்மில் எத்தனை பேர் பக்கத்து மாநிலத்துப் பாஷை ஒன்றையாவது ஒழுங்காகக் கற்றிருக்கிறோம்? வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் ஒரிஸ்ஸாவிலிருந்தும் வந்த தொழிலாளிகள் நம் ஊர்களில் கட்டடம் கட்டுகிறார்கள். திருப்பூரில் தையல் மெஷின் ஓட்டுகிறார்கள். ஓட்டல்களில் பாத்திரம் கழுவுகிறார்கள். மேஸ்திரிக்கு அவர்களுடைய பாஷையில் நாலு வார்த்தை தெரியும்; அது வேலை வாங்குவதற்கான பாஷை. அது கும்பினிக்காரன் கற்ற பாஷை. சங்கத்தில் சேர்ப்பதற்கும், சுகதுக்கம் விசாரிப்பதற்கும், சேர்ந்து பாடுவதற்கும் வேண்டிய பாஷையை நாம் கற்றோமா?

யாரோஸ்லாவ்லிலிருந்து பிடிலோடு வந்தவர் இருநூற்று நாற்பது ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்தார். கோலக்நாத் தாஸ் பதிலுக்கு அவரிடம் சங்கீதம் கற்றார். அடுத்த படிப்பு வட்டத்துக்கு நாம் தனியாக வர வேண்டாம். நம் தெருவில் வேலை செய்யும் அந்த வங்காளித் தொழிலாளி ஒருவரையும் அழைத்து வருவோம். அவர் நமக்கு வங்காளி அட்சரம் சொல்லித் தரட்டும். நாம் அவருக்குத் தமிழ் அட்சரம் சொல்லித் தருவோம்.